முழங்கால் வலிக்குக் கஞ்சா வேர்த் தைலம்: உண்மை எவ்வளவு? நம்ம ஊரில் அதற்கு மாற்று உண்டா?

பார்வதிபுரம்_செல்வி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை ஓடுகிறது. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிறு எரிகிறது. அதனால் வெளியே தேய்க்க நல்ல தைலம் தேடுகிறோம்.

கஞ்சாச் செடியின் வேரை எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் மூட்டுவலி போய்விடும், வேரில் போதை கிடையாது, ரோமாபுரிக் காலத்திலிருந்தே உள்ள வைத்தியம் என்று வாட்ஸ்அப்பில் வீடியோவாக வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

வேரில் உண்மையிலேயே மருந்து இருக்கிறதா? நம்ம சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் வேரைப் பயன்படுத்தியிருக்கிறார்களா? மருந்துக்கென்று தொட்டியில் ஒரே ஒரு செடி வைத்தால் சட்டம் என்ன சொல்லும்? இதெல்லாம் சரிவராது என்றால், குமரி மாவட்டத்திலேயே கிடைக்கிற எந்த வேரில் தைலம் காய்ச்சலாம், எப்படி?

---

கோட்டாறு_மூலிகையியல்

செல்வி அக்கா, முதல் இரண்டு கேள்விகளுக்கு என் பதில்.

போதை தருகிற டிஎச்சியும், இப்போது எல்லாரும் பேசுகிற சிபிடி என்ற கஞ்சாச் சத்தும் உருவாவது பெண் பூவின் மேலிருக்கிற பிசின் சுரப்பிகளில். வேரில் அந்தச் சுரப்பிகளே கிடையாது. ஆகவே வேரில் போதை இல்லை என்பது சரி. அதே காரணத்தால் "கஞ்சா எண்ணெய் வலியைக் குறைக்கும்" என்று சிபிடி பற்றிச் சொல்லப்படுகிற எதையும் வேருக்குப் பொருத்த முடியாது. வீடியோக்காரர்கள் இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள்.

வேரில் இருப்பது வேறு சரக்கு. முக்கியமானவை ஃபிரீடலின், எபிஃபிரீடலனால் என்ற ட்ரைடெர்பீன்கள், பீட்டா சிட்டோஸ்டெரால் போன்ற ஸ்டெரால்கள், மிகச் சிறிய அளவில் கன்னாபிசடிவின் என்ற ஆல்கலாய்டு. இவற்றில் வீக்கத்துக்கு எதிராக வேலை செய்யும் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஃபிரீடலின்தான். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு செடியின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே அளந்து பார்த்தது. வேரில் ட்ரைடெர்பீன்கள் மொத்தமாக 0.13 முதல் 0.24 சதவீதம் வரை இருந்தன.

அந்தக் கணக்கைத் தைலத்துக்குக் கொண்டு வருவோம். 100 கிராம் காய்ந்த வேரில் 130 முதல் 240 மில்லிகிராம். அரை லிட்டர் எண்ணெயில் அத்தனையும் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தடவைக்குத் தேய்க்கிற 5 மில்லியில் இருப்பது 1.3 முதல் 2.4 மில்லிகிராம். அதில் தோலைத் தாண்டி மூட்டுக்குள் போவது எவ்வளவு என்று யாரும் அளந்து காட்டவில்லை. 2017-ல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு, கஞ்சா வேரின் பழைய பயன்களையெல்லாம் திரட்டி எழுதி, ஆராய வேண்டிய பொருள்தான் என்று சொன்னது. ஆனால் மனிதர்களிடம் நடந்த முறையான மருத்துவப் பரிசோதனை என்று காட்ட அதனிடம் எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஃபிரீடலின் தண்ணீரில் கரையாது. கொழுப்பிலும் சாராயத்திலும்தான் இறங்கும். வேரைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடிக்கிற கஷாயத்தில் அது பெயருக்குத்தான் வரும். 1640-ல் இங்கிலாந்தில் மூலிகை நூல் எழுதிய பார்க்கின்சன், தீக்காயத்துக்குப் பச்சை வேர்ச் சாற்றை எண்ணெயிலோ வெண்ணெயிலோ குழைக்கச் சொன்னதற்கு இந்த வகையில் ஒரு பொருத்தம் உண்டு.

ரோமாபுரிக் கதைக்கு வருகிறேன். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, வேரைத் தண்ணீரில் வேகவைத்து இறுகிய மூட்டுக்கும் கவுட் என்ற மூட்டுவாதத்துக்கும் வைக்கலாம், தீக்காயத்துக்குப் பச்சையாக வைத்துக் காய்வதற்குள் மாற்ற வேண்டும் என்று எழுதியது உண்மை. அதே நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸும் வேரை வேகவைத்துக் கட்டினால் வீக்கம் வற்றும், மூட்டைச் சுற்றிய கட்டி கரையும் என்கிறார். ஆனால் அவர் அதைச் சொல்வது "காட்டுக் கஞ்சா" என்ற செடிக்கு. அதன் இலை பயிர்க்கஞ்சாவை விடக் கறுத்தும் சொரசொரப்பாகவும் இருக்கும், பூ சிவந்திருக்கும், வேரும் விதையும் சீமைத்துத்தி போல இருக்கும் என்று அடையாளம் தருகிறார். சிவந்த பூவும் துத்தி வேரும் கஞ்சாவுக்கு ஏது? அந்தச் செடி துத்திக் குடும்பத்து அல்தேயா கன்னாபினா என்றே தாவரவியலார் பலர் கொள்கிறார்கள். பிளினியின் விவரிப்பிலும் அதே "கறுத்த, சொரசொரத்த இலை" வருகிறது. இருவரும் ஒரே பழைய குறிப்பிலிருந்து எடுத்திருப்பார்கள், கஞ்சா வேரின் பழைய புகழில் ஒரு பங்கு துத்தி வேருக்குச் சேர வேண்டியது என்பது என் கணிப்பு.

நம்ம மரபைப் பொறுத்தவரை, சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சா மருந்துச் சரக்குதான். கோரக்கர் மூலி, சிவமூலி என்ற பெயர்கள் எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் மருந்தில் சேர்வது இலை, பூ, விதை. அதுவும் பாலிலோ கருவேலம்பட்டைக் கஷாயத்திலோ வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே. ஜாதிபலாதி சூரணத்தில் சேர்வதும் இலைதான். மூட்டுவாதத்துக்கு வேர்த் தைலம் என்று நம்ம வைத்தியர்கள் கை வைத்தது குறுந்தோட்டி, சிற்றாமுட்டி, ஆமணக்கு, அமுக்கரா, தண்ணீர்விட்டான் மேல்.

ஃபிரீடலின்தான் வேண்டும் என்று யாராவது நின்றால், அது கஞ்சாவுக்கு மட்டும் உரியதல்ல. சங்கஞ்செடி, முட்சங்கன் என்று சொல்கிற நாலுமுள் செடியின் இலையிலிருந்து அதே ஃபிரீடலினைப் பிரித்து, எலிகளில் வீக்கமும் வலியும் காய்ச்சலும் குறைவதை 2011-ல் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆய்வும் எலி அளவில்தான் நிற்கிறது, அதையும் மறக்கக்கூடாது.

---

தக்கலை_நீதிமன்றவாசல்

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில்.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் "கஞ்சா" என்பதன் விளக்கம் பூக்கும், காய்க்கும் நுனிகள். பிசின் அதே சட்டத்தில் "சரஸ்" என்று தனியாக வரும். வேர் அந்த விளக்கத்தில் பெயர் சொல்லி வரவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு "வேர் சட்டப்படி ஓகே" என்று இணையத்தில் எழுதுகிறார்கள். பாதி உண்மை, ஆபத்தான பாதி. அதே சட்டத்தின் 8-ம் பிரிவு எந்தக் கஞ்சாச் செடியையும் பயிரிடுவதைத் தடுக்கிறது. செடி இல்லாமல் வேர் எங்கிருந்து வரும்? 20-ம் பிரிவின்படி பயிரிட்டதற்குத் தண்டனை 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு செடி, பத்துச் செடி என்று அதில் பிரிவினை கிடையாது. தொட்டி என்பதும் தோட்டம் என்பதும் ஒன்றுதான். மருந்துக்கு வைத்தேன் என்பது தற்காப்பு ஆகாது.

உத்தராகண்ட் மாநிலம் 2018-ல் உரிமம் கொடுத்ததைச் சுட்டிக்காட்டுவார்கள். அது 14-ம் பிரிவின்படி அரசு ஆணை போட்டு, நாருக்கும் விதைக்கும் என்று கொடுத்தது. வீட்டு மருந்துக்கு அந்த வழி திறக்காது.

வேர்ப்பொடி என்று கூரியரில் அனுப்புகிறவர்களிடம் வாங்குவதும் வேண்டாம். பொடியில் இலைத் தூளோ பூத்தூளோ கலந்திருந்தால் அந்தப் பார்சலுக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பெயரும் முகவரியும்தான்.

உரிமம் பெற்ற நிறுவனங்கள் கஞ்சா இலைச் சத்தில் "விஜயா" என்ற பெயரில் தயாரிக்கும் ஆயுர்வேத மருந்துகள் உண்டு. 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் விதிகளில் கஞ்சா நச்சுச் சரக்குப் பட்டியலில் இருக்கிறது. உள்ளுக்குக் கொடுக்கிற அப்படிப்பட்ட மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் யாராவது தூக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

---

முஞ்சிறை_தைலப்புரை

செல்வி, நம்ம பக்கத்துக்கு ஏற்ற வேர் குறுந்தோட்டி. மேலே மூலிகையியல் நண்பர் சொன்ன துத்திக் குடும்பத்துச் செடிதான். இங்கே ஆசான்மார் வாதத் தைலத்துக்கு முதலில் தேடுவது இதைத்தான். க்ஷீரபலா தைலத்துக்கு அடிச்சரக்கும் இந்த இனம்தான். கஷாயம் வைத்து, கல்கம் (அரைத்த வேர் விழுது) சேர்த்துக் காய்ச்சுகிற முறையைச் சொல்கிறேன். அரை லிட்டர் தைலத்துக்கான கணக்கு.

வேர். ரப்பர் தோட்டத்து ஓரம், வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு எல்லா இடத்திலும் குறுந்தோட்டி நிற்கும். களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் எடுக்காதீர்கள். பெரிய ரோட்டோரமும் வேண்டாம். மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் எல்லாம் வேரில் போய்த் தங்கும். (கஞ்சாச் செடிக்கு உலோகத்தை மண்ணிலிருந்து இழுக்கிற குணம் இன்னும் அதிகம். எங்கே விளைந்தது என்று தெரியாத கஞ்சா வேரை நான் வேண்டாம் என்று சொல்ல அதுவும் ஒரு காரணம்.) மழை பெய்து மண் இளகின மறுநாள் பிடுங்கினால் வேர் அறாமல் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டுதான் கையோடு வரும். பூத்துக் காய்த்த முற்றிய செடியாக எடுங்கள். கழுவியதும் அப்போதே விரல்கணு நீளத்துக்கு வெட்டிவிட வேண்டும். காய்ந்த பிறகு வெட்டினால் அரிவாள்தான் மழுங்கும். நிழலில் உலர்த்தி, ஒடித்தால் "டக்" என்று முறிகிற பதம் வந்ததும் எடுத்து வையுங்கள். வளைகிற வேரை டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும்.

கஷாயம். காய்ந்த வேர் 500 கிராம், ஒன்றிரண்டாக இடித்தது. 8 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். மறுநாள் மூடாமல், நடுத்தரத் தீயில் 2 லிட்டராக வற்ற வேண்டும். கண்ணளவில் வற்றவைத்தால் கணக்கு தப்பும். அதற்கு ஒரு வழி: ஆரம்பத்தில் வேரோடு 2 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒரு குச்சியை அடி வரை விட்டு நீர்மட்டத்தில் கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு மீதி 6 லிட்டரை ஊற்றுங்கள். கொதித்து அந்தக் கோட்டுக்கு வந்ததும் இறக்கலாம். துணியில் வடித்து வேரை நன்றாகப் பிழியுங்கள். வேர் குடித்து வைத்த கஷாயம் அதில்தான் இருக்கிறது. பிழிந்தும் குறைந்தால், அதே வேரில் ஒரு லிட்டர் வெந்நீர் விட்டு இன்னொரு கொதி கொதிக்கவைத்து வடித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

கல்கம். அதே வேர் 125 கிராம் தனியாக நைசாகப் பொடித்துச் சலித்தது. கொஞ்சம் கஷாயம் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவையல் பதத்துக்கு அரையுங்கள். திப்பி பெரிதாகக் கிடந்தால் அடியில் போய் உட்கார்ந்து கரியும்.

கணக்கு இதுதான்: கல்கம் 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் 16 பங்கு. அதாவது 125 கிராம், 500 மில்லி செக்கு நல்லெண்ணெய், 2 லிட்டர்.

காய்ச்சுவது. வெங்கல உருளி உத்தமம். உள்ளே போகிறது இரண்டரை லிட்டருக்கு மேல். பாத்திரம் 5 லிட்டராவது கொள்ள வேண்டும், இல்லையென்றால் பொங்கி அடுப்பில் வழியும். எண்ணெயை லேசாகச் சூடாக்கி, அரைத்த கல்கத்தைக் கஷாயத்தில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். எண்ணெய் காய்ந்திருந்தால் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடைசி வரை இளந்தீதான். ஓலை, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) வேண்டாம், குப்பென்று எரிந்து அணையும். கேஸ் அடுப்பில் சிம், இல்லையென்றால் சிரட்டைக் கரி. முக்கால் பங்கு வற்றியதும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் தொடரலாம். வேரின் சத்து இறங்க நேரம் வேண்டும், அவசரப்பட்டால் தண்ணீர்தான் போகும்.

பாகம் பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் இருக்கும்வரை சளசளவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்கம் சேறு மாதிரி கரண்டியில் ஒட்டும். தண்ணீர் போகப் போகச் சத்தம் குறையும், மேலே வெண்ணுரை எழும்பும், வேரின் மணம் மாறி எண்ணெய் மணம் தூக்கும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக்கூடாது. கரண்டியால் அடிக்கல்கத்தில் துளி எடுத்து ஆறவைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டுங்கள். விரலில் ஈஷிக்கொண்டு உருளாமல் போனால் இளம்பாகம், இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஒட்டாமல் மெழுகு போலத் திரியாக உருண்டால் நடுப்பாகம், நமக்கு வேண்டியது இது. நறநறவென்று மணலாக உதிர்ந்தால் கரபாகம். வெளியே தேய்க்க அதுவும் ஆகும், ஆனால் அதற்கு அடுத்த நிமிஷம் கரிந்துவிடும். உருட்டிய திரியைத் தீக்குச்சி நெருப்பில் காட்டுங்கள். பொரியாமல் சத்தமில்லாமல் எரிந்தால் தண்ணீர் முழுக்கப் போயிற்று. சடசடவென்று பொரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம்.

இறக்கியதும் உருளியின் சூட்டிலேயே பாகம் இன்னும் ஒரு படி ஏறும். ஆகவே நடுப்பாகம் தொட்டவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, சூடு இருக்கும்போதே துணியில் வடியுங்கள். ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஆறிய பிறகு ஊற்றி மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துத் தண்ணீர் உள்ளே சொட்டும்.

தவறு எங்கே என்று பிறகு கண்டுபிடிக்க: ஒரு வாரத்தில் கலங்கிப் புளித்த வாடை வந்தால் தண்ணீர் நின்றுவிட்டது, மேலே பூசணமும் வரும், கொட்டிவிடுங்கள். கருகல் வாடை என்றால் தீ அதிகம், அதைத் திருத்த வழியில்லை. தோலில் பிசுபிசுவென்று நின்றால் கல்கம் சரியாக வடியவில்லை, மெல்லிய துணியில் இன்னொரு தடவை வடித்தால் போதும்.

பால் சேர்ப்பது வழக்கம்தான், எண்ணெய்க்குச் சமமாக. ஆனால் பால் திரிந்து அடியில் ஒட்டிக் கரியும். முதல் தடவை காய்ச்சுகிறவர்கள் பால் இல்லாமல் காய்ச்சுங்கள்.

---

குலசேகரம்_பிசியோ

தைலப்புரை அண்ணாச்சி சொன்ன முறையில் காய்ச்சிய தைலம் அம்மாவுக்கு உதவும். எந்த அளவில் உதவும் என்பதையும் தெரிந்துகொண்டு தேய்க்க வேண்டும். தேய்ந்த எலும்புமுனைச் சவ்வு எந்தத் தைலத்தாலும் வளராது. சூடும் தடவலும் முழங்காலைச் சுற்றிய தசையின் இறுக்கத்தைக் குறைக்கும், வலி சற்று அடங்கும், அந்த இடைவெளியில் தசையைப் பலப்படுத்தினால்தான் நடை தேறும்.

புதுத் தைலத்தை முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். கஞ்சா வேர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அதில் பிரோலிடின், பைபெரிடின் என்ற எரிச்சலூட்டும் பொருள்களும் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. சுத்தமாகப் பிரித்தெடுத்த நிலையில் இரண்டும் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

தேய்க்கும் முறை: 5 முதல் 10 மில்லி தைலத்தைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், நேரடியாக அடுப்பில் வேண்டாம். முழங்கால் சில்லின் மேல் அழுத்தாமல் அதைச் சுற்றியும், தொடையின் முன்தசையிலும், முழங்காலின் பின்பக்கத் தசைநாண்களிலும் 15 நிமிடம். பிறகு நொச்சி இலை ஒத்தடம்: இரண்டு கைப்பிடி இலையை ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெயில் வதக்கித் துணியில் கட்டி ஒற்றுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் காலில் சூடு உறைப்பது குறைந்திருக்கலாம். "சூடு தாங்குகிறதா?" என்று அவர்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். குளிக்கப் போகுமுன் பாதத்திலும் தரையிலும் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்க்காலோடு குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிவது முழங்கால் வலியைவிடப் பெரிய கேடு.

தடவிய பிறகு ஒரே ஒரு பயிற்சி போதும், தொடங்குவதற்கு. காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, டவலைக் கீழே அழுத்துவது போலத் தொடையை இறுக்கி 5 எண்ணும் வரை நிறுத்துங்கள். 10 முறை, காலை மதியம் மாலை.

தேய்க்கவே கூடாத நேரங்கள்: மூட்டு சிவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தேய்த்தால் கட்டி நகரும். விழுந்து அடிபட்டுக் கால் ஊன்ற முடியாவிட்டால் முதலில் எக்ஸ்ரே.

பிளினி சொன்னார் என்று தீக்காயத்தில் எந்த வேரையும் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி.

மாத்திரை விஷயம்: வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. வயிறு எரிவதையும் சேர்த்து அம்மாவின் டாக்டரிடம் சொல்லி, டைக்ளோஃபெனாக் ஜெல் ஆகுமா என்று கேளுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு மனிதர்களிடம் சோதித்துப் பலன் கண்ட பூச்சு அது. மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஜெல் போட்ட நேரத்தில் தைலமும் சூடும் வேண்டாம், இரண்டையும் வேறு வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பார்வதிபுரம்_செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கஞ்சா வேரை விட்டுவிட்டோம். இன்னும் சில சந்தேகம். வடசேரியில் நாட்டு மருந்துக் கடையில் குறுந்தோட்டி வேர் கேட்டால் சிற்றாமுட்டி வேரைத் தருகிறார்கள், இரண்டும் ஒன்றா? உருளி இல்லை, இண்டாலியம் சட்டிதான் இருக்கிறது, ஆகுமா? நல்லெண்ணெய்க்குப் பதில் வீட்டுத் தேங்காயெண்ணெய் விடலாமா? மீதி வேரைக் கஷாயமாக அம்மா குடிக்கலாமா?

---

முஞ்சிறை_தைலப்புரை

இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு செடி. நம்ம பக்கமும் கேரளத்திலும் குறுந்தோட்டி என்று எடுப்பது சிடா இனம். தமிழ்நாட்டுக் கடைகளில் சிற்றாமுட்டி என்று வருவது பெரும்பாலும் பவோனியா. தைலத்துக்கு எதைப் போட்டாலும் பெரிய பழுதில்லை, இரண்டுக்கும் வாதத் தைலத்தில் இடம் உண்டு. ஆனால் ஒட்டுத்துத்தி வேரையும் கலந்து விற்பார்கள். பொடியாக வாங்காமல் முழு வேராக, முடிந்தால் அடித்தண்டோடு வாங்குங்கள். உங்கள் தோட்டத்திலேயே செடி நிற்குமானால் கடைக்குப் போகவே வேண்டாம்.

இண்டாலியம் வேண்டாம். கஷாயத்தின் துவர்ப்பு அலுமினியத்தோடு சேர்ந்து தைலம் கறுக்கும், உலோகமும் இறங்கும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் ஆகும். மெல்லிய எவர்சில்வரில் அடிபிடிக்கும், அதனால் கீழே தோசைக்கல் வைத்து அதன் மேல் பாத்திரத்தை வையுங்கள். ஈயம் பூசாத பழைய பித்தளையையும் எடுக்காதீர்கள்.

தேங்காயெண்ணெயில் காய்ச்சுவதும் நம்ம வழக்கம்தான். முறிவெண்ணெய் முழுக்கத் தேங்காயெண்ணெயில்தான், வெற்றிலை, முருங்கை, புங்கு, கற்றாழை, சின்ன உள்ளி எல்லாம் சேர்த்து. ஆனால் அது அடி, சுளுக்கு, முறிவுக்கு உரியது, குளிர்ச்சிப் பக்கம். நாள்பட்ட தேய்மானத்துக்கும் காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொள்வதற்கும் நல்லெண்ணெய்தான் சேரும். பாகம் பார்ப்பதற்கும் தொடக்கக்காரர்களுக்கு நல்லெண்ணெய்தான் வசதி.

---

கோட்டாறு_மூலிகையியல்

கஷாயமாகக் குடிக்கிற கேள்விக்கு: நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சிடா இனத்தில் நிலத்துத்தி வகையில் எபிட்ரின் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது, அது பிரஷரை ஏற்றும். கடையில் கிடைத்த வேர் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதபோது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது சரிவராது. உள்ளுக்கு மருந்து வேண்டுமென்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அம்மாவை நேரில் காட்டுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்னொன்று, கடையில் "கஞ்சாங்கோரை" என்று ஒரு சரக்கு இருக்கும். அது நாய்த்துளசி, சளிக்குப் போடுவது. கஞ்சாவோடு அதற்குச் சம்பந்தமில்லை. அதன் வேரை எடுத்துக் கஞ்சா வேர்த் தைலம் என்று யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

---

பார்வதிபுரம்_செல்வி

தோட்டத்து வேலியோரம் குறுந்தோட்டி நிறைய நிற்கிறது, களைக்கொல்லி அடிப்பதில்லை. அடுத்த மழைக்குப் பிடுங்குகிறோம். அரைக் கிலோ கஷாயத்துக்கு, 125 கிராம் கல்கத்துக்கு என்று மொத்தம் 625 கிராம் காய்ந்த வேர் வேண்டும், சரிதானே அண்ணாச்சி?

---

முஞ்சிறை_தைலப்புரை

சரிதான். பொடித்துச் சலிக்கும்போது நார் கழியும், அதனால் 700 கிராமாக எடுத்து வையுங்கள். சலித்த நாரை எறியாமல் கஷாயத்து வேரோடு போட்டுக்கொள்ளலாம்.